பதிவு எண் இல்லாத ஏழு மாதங்கள்

2004 ஜூன் மாதம் நாகர்கோவிலில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறியபோது எனக்கு 22 வயது. நர்சிங் டிப்ளமோ முடித்திருந்தேன். ஒரு சூட்கேஸ், ஒரு பை, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஃபைல். அந்த ஃபைலில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள், டிப்ளமோ, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் பதிவுச் சான்று எல்லாம் ஒரிஜினலாக இருந்தன. ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னது ஒன்றுதான்: "மக்களே, துணி போனா போவட்டும், ஃபைல விட்டிராத."

ஊரில் தனியார் ஆஸ்பத்திரிகள் இருந்தன. அங்கே மாதம் 1,200 ரூபாய்க்கு மேல் யாரும் தரவில்லை. படிப்புக்கு வாங்கிய கடனுக்கு வட்டியே அதைவிட அதிகம். இரண்டு வருடம் முன்னால் படித்துப் போன சீனியர் அக்கா ஒருத்தி டெல்லி தில்ஷாத் கார்டனில் மூன்று மலையாளிப் பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். "நீ வா, பாத்துக்கலாம்" என்று போனில் சொன்னாள். ரயில் திருவனந்தபுரம், எர்ணாகுளம் என்று போகப் போக, என்னைப் போலவே ஃபைலை மடியில் வைத்துக்கொண்ட பெண்கள் ஏறினார்கள். மூன்றாம் நாள் புதுடெல்லியில் இறங்கும்போது எங்கள் பெட்டியில் மட்டும் ஏழு நர்சுகள். ஆறு பேருக்கு அதுதான் முதல் வேலை தேடல்.

நர்சிங் வரலாறு என்று எங்களுக்குப் பள்ளியில் ஒரு பாடம் இருந்தது. கிரிமியப் போர், நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கு, 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சி, வேலூரில் 1909இல் ஐடா ஸ்கடர் ஆரம்பித்த நர்சிங் பள்ளி. இவற்றை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். படித்து முடித்த பெண் முதல் வேலையை எப்படித் தேடினாள், எந்த ஊரில் யார் வாசலில் நின்றாள், முதல் சம்பளம் எவ்வளவு என்று அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த இல்லாத வரிகளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

*

டெல்லியில் முதல் பதினைந்து நாளில் ஒன்பது ஆஸ்பத்திரிகளுக்குப் போனேன். எல்லா இடத்திலும் இரண்டே கேள்விகள். "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" இல்லை. "டெல்லி ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கா?" இல்லை. தமிழ்நாட்டுப் பதிவைக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "இது இங்க செல்லாது, சிஸ்டர்."

செல்லாமல் போவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் மாகாணங்களின் பொறுப்புக்குப் போயின. அதனால் நர்சுகளைப் பதிவு செய்யும் சட்டங்களும் மாகாணத்துக்கு ஒன்றாக வந்தன. சென்னை மாகாணத்தின் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் 1926இல் வந்தது. அதற்கு முன் யார் வேண்டுமானாலும் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். பயிற்சி பெற்ற பெண்ணுக்கும் பெறாதவருக்கும் வித்தியாசம் காட்டவும், கூலியில் ஒரு மரியாதை கேட்கவும் பதிவேடு வேண்டும் என்று கேட்டவர்கள் நர்சுகளே. 1908இல் உருவான பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் இதைத் தொடர்ந்து பேசிவந்தது. ஆகவே பதிவு எண் என்பது எங்கள் முன்னோடிகள் கேட்டு வாங்கியது. அதை நான் மறக்கவில்லை.

ஆனால் மாகாணத்துக்கு ஒரு பதிவேடு இருந்தால், எல்லையைத் தாண்டும் பெண் என்ன செய்வாள்? இந்தக் கேள்விக்கும் சட்டத்தில் பதில் உண்டு. 1947 டிசம்பர் 31இல் இந்தியச் செவிலியர் கவுன்சில் சட்டம் நிறைவேறியது. அதன் 11ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட தகுதி ஒன்று இருந்தால் எந்த மாநிலப் பதிவேட்டிலும் பெயர் சேர்க்க அது போதும் என்கிறது. நாடு சுதந்திரமடைந்த நான்கரை மாதத்தில் எழுதிவிட்டார்கள். 57 வருடம் கழித்து டெல்லியில் நான் நின்றபோது நடைமுறை வேறாக இருந்தது. டெல்லிக்கென்று 1997இல் சட்டமியற்றி ஒரு கவுன்சில் வந்திருந்தது. அங்கே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். சென்னைக் கவுன்சிலிலிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று வர வேண்டும். நான் உண்மையிலேயே அங்கே பதிந்தவள்தானா என்று ஒரு கடிதம் இங்கிருந்து அங்கே போய், பதில் அங்கிருந்து இங்கே வர வேண்டும். தகுதி போதும் என்றது சட்டம். தபால் வந்து சேரும்வரை சோற்றுக்கு என்ன வழி என்று அது சொல்லவில்லை.

*

அவ்வளவு தூரம் ஏன் போனோம் என்று கேட்பவர்களுக்கு, கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம். அங்கே எங்கள் சாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது என்றிருந்தது. 1822 முதல் தோள்சீலைக்காக நடந்த போராட்டங்களில் பெண்களின் ரவிக்கைகள் சந்தையில் கிழிக்கப்பட்டன. 1859இல் உத்திரம் திருநாள் மகாராஜா ஆணை போட்டார். மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று அதிலும் ஒரு நிபந்தனை. இதே நிலத்தில் 1838இல் லண்டன் மிஷன் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் பிறகு நெய்யூருக்கு வந்து பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார். என் பாட்டிக்கு அவர் பேரைச் சொன்னாலே முகம் மலரும்.

பாட்டி அவரைவிட அதிகமாகப் பேசியது வெள்ளை உடுப்புப் போட்ட பெண்களைப் பற்றித்தான். "நம்ம ஆளுவ பிள்ளைய கஞ்சி போட்ட வெள்ளைத் துணியில நிக்கும், பெரிய வீட்டுக்காரனும் 'சிஸ்டர்'னு கூப்பிடுவான்" என்பாள். தோளில் துணி போட அனுமதி கேட்ட பெண்களின் பேத்திகளுக்கு அந்தச் சீருடை என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ரத்தம், சீழ், மலம், பிணம் இவற்றைத் தொடும் வேலை இது. தீட்டு என்று மேல்சாதிக் குடும்பங்கள் நெடுங்காலம் தம் பெண்களை இதற்கு அனுப்பவில்லை. கிறிஸ்தவப் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் விதவைகளும் வந்தார்கள். வந்தவர்களை ஊர் மதித்துவிடவில்லை. அந்நிய ஆண் உடம்பைத் தொடுகிறவள், இரவில் வேலைக்குப் போகிறவள் என்று கல்யாணப் பேச்சில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவள் அனுப்பும் மணியார்டரை மட்டும் யாரும் தீட்டு என்று ஒதுக்கவில்லை.

1943இல் அமைந்த போர் குழு 1946இல் அறிக்கை தந்தபோது, நாட்டில் இருந்த செவிலியர் சுமார் 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர். 500 பேருக்கு ஒரு செவிலியர் என்பதை எட்ட வேண்டும் என்று குழு எழுதியது. செவிலியரின் தங்குமிடமும் வேலைச் சூழலும் மோசமாக இருப்பதையும் அது சுட்டியது. விடுதலைக்குப் பிறகு வடக்கே பெரிய மருத்துவமனைகள் எழுந்தன. அவற்றின் வார்டுகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். உள்ளூரில் வராதவர்களின் இடத்தைத் தெற்கின் கடற்கரை மாவட்டங்கள் நிரப்பின. நாங்கள் ஏறிய ரயிலில் எங்களுக்கு முன்னால் ஐம்பது வருடம் பெண்கள் ஏறிப் போயிருந்தார்கள்.

*

ஜூலை மாதம் யமுனைக்கு இந்தப் பக்கம் இருபது கட்டில் உள்ள ஒரு நர்சிங் ஹோமில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். "ட்ரெய்னி" என்று எடுத்துக்கொண்டார்கள். மாதம் 2,800 ரூபாய். அப்போது மத்திய அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்சின் அடிப்படைச் சம்பளமே 5,000 ரூபாயில் தொடங்கியது. அறை வாடகையில் என் பங்கு 700. சேரும் அன்று இரண்டு விஷயம் கேட்டார்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் 30,000 ரூபாய் தர வேண்டும் என்று பாண்ட். அந்தப் பாண்டுக்கு உத்தரவாதமாக என் ஒரிஜினல்கள். அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் கையில் 400 ரூபாய்தான் மீதியிருந்தது. ஃபைலைக் கொடுத்தேன். முதலாளியின் அறையிலிருந்த இரும்பு அலமாரிக்குள் அது போனது.

நாங்கள் உடை மாற்ற அறை கிடையாது. ஆக்சிஜன் சிலிண்டர் வைக்கும் ஸ்டோர் ரூமில், ஒருத்தி கதவைச் சாத்திப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி மாற்றுவாள். கதவுக்குத் தாழ் இல்லை. அந்த நாட்களில்தான் அறைத்தோழி ஒருத்தி அருணா ஷான்பாக் கதையைச் சொன்னாள். கர்நாடகத்தின் ஹல்திபூரிலிருந்து பம்பாய்க்கு வந்து கே.ஈ.எம். மருத்துவமனையில் நர்சாக இருந்தவர். 1973 நவம்பர் 27 அன்று, பணி முடித்து அடித்தளத்தில் உடை மாற்றப் போன இடத்தில் துப்புரவுத் தொழிலாளி ஒருவன் நாய்ச்சங்கிலியால் கழுத்தை நெரித்துத் தாக்கினான். கொள்ளைக்கும் கொலை முயற்சிக்கும் ஏழு வருடத் தண்டனை கிடைத்தது. பாலியல் வன்முறை வழக்கில் சேர்க்கப்படவே இல்லை. 2015 மே 18இல் இறக்கும்வரை ஏறக்குறைய 42 வருடம் அதே மருத்துவமனையின் நர்சுகள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தப் பராமரிப்பின் மகத்துவத்தையே எல்லோரும் பேசுகிறார்கள். வேலை செய்யும் பெண்ணுக்கு உடை மாற்ற ஒரு பாதுகாப்பான அறை ஏன் இல்லை என்பதை நான் அதே மூச்சில் கேட்க விரும்புகிறேன். 31 வருடம் கழித்து எங்களுக்கும் அந்த அறை இல்லை.

இனி நான் சொல்லப்போவது எனக்கே சங்கடமானது. டெல்லியில் 1953இலிருந்தே நர்சிங் ஹோம்களைப் பதிவு செய்யும் சட்டம் இருக்கிறது. தகுதியுள்ள நர்ஸ் இருக்கிறார் என்று அவர்கள் காட்ட வேண்டும். டெல்லிப் பதிவு இல்லாத என்னைக் காட்ட முடியாது. அதனால் கேஸ் ஷீட்டில் நர்ஸ் கையெழுத்து இடத்தில் வேறொரு பெயரை எழுதச் சொன்னார்கள். அந்தப் பெயருக்குரியவர் இரண்டு வருடம் முன்பே வளைகுடாவுக்குப் போய்விட்டார். நான் எழுதினேன். முதல் நாள் கை நடுங்கியது. பத்தாம் நாள் நடுங்கவில்லை.

அக்டோபரில் ஒரு நைட் டியூட்டி. பதினான்கு நோயாளிகளுக்கு நான் ஒருத்தி. சுகப்பிரசவமாகி இரண்டு மணி நேரமான ஒரு பெண்ணைப் பார்க்கப் போனால், விரிப்பு முழுக்க ரத்தம். வயிற்றில் கை வைத்தால் கருப்பை இறுகாமல் தளர்ந்து கிடந்தது. அழுத்தித் தேய்த்துக்கொண்டே ஆயாம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன். டிரிப்பை வேகப்படுத்தினோம். டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொன்ன ஆக்சிடோசினை ஏற்றினேன். அவர் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை கையை எடுக்கவில்லை. அந்தப் பெண் பிழைத்தாள். விடியற்காலையில் நடந்ததையெல்லாம் நேரம் குறித்து ஒழுங்காக எழுதி, கீழே வளைகுடாவில் இருக்கும் அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தப் பெண் கேட்டாள்: "சிஸ்டர், ஆப்கா நாம் க்யா ஹை?" பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. என் பெயரைத்தான் சொன்னேன். ஆனால் அந்த ஒரு நொடி இன்னும் எனக்குள் கிடக்கிறது. அன்றிரவு ஏதாவது தவறியிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள்? அந்தக் காகிதங்களை யாராவது பின்னாளில் எடுத்துப் பார்த்தால் நான் அங்கே வேலை செய்ததற்கு எந்தச் சாட்சியும் இருக்காது. அனுபவச் சான்றும் கிடைக்கவில்லை. எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா என்று கேட்டவர்களுக்குக் காட்ட வேண்டிய அனுபவம் இன்னொருத்தியின் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது.

*

டிசம்பரில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. சென்னையின் பதில் வந்துவிட்டது, ஒரிஜினல்களோடு நேரில் வரவும் என்று. நான் முதலாளியிடம் ஒருநாள் மட்டும் ஃபைலைக் கேட்டேன். "பாண்ட் முடியட்டும்" என்றார். பதிவு வேண்டுமானால் ஒரிஜினல் வேண்டும். ஒரிஜினல் வேண்டுமானால் ஒரு வருடம் முடிய வேண்டும். பதிவு இல்லாதவரை ட்ரெய்னிச் சம்பளம். நான் அழுதுகொண்டு அறைக்கு வந்தேன்.

சீனியர் அக்கா சமைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அழுவாத மக்களே. நாளைக்கு எனக்கு ஆஃப். நாங்களும் வாறோம்."

மறுநாள் காலை ஓ.பி. நேரம். அக்காவும் மூன்று மலையாளிச் சேச்சிகளும் வந்தார்கள். நால்வரும் தத்தம் ஆஸ்பத்திரிச் சீருடையில், கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு வந்திருந்தார்கள். ரிசப்ஷன் முன்னால் வரிசையாக நின்றார்கள். சத்தம் போடவில்லை, கோஷம் இல்லை. நோயாளிகள் யாராவது கேட்டால் மட்டும் ஒரு சேச்சி தெளிவான இந்தியில் சொன்னாள்: "இந்தப் பெண்ணின் சர்டிபிகேட்டை இவர்கள் தர மாட்டேன் என்கிறார்கள்." ஒன்றரை மணி நேரம். காத்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கம்பவுண்டர் உள்ளே போய்வந்தார். ஃபைல் வெளியே வந்தது. கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. 5,600 ரூபாய். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

2005 ஜனவரியில் டெல்லிப் பதிவு எண் கிடைத்தது. அடுத்த மாதம் தெற்கு டெல்லியில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்ந்தேன். என் வேலைக் குறிப்பில் அதுதான் முதல் வேலை. நான் எழுதும் முதல் வேலை அதற்கு முந்தையது.

*

அந்த ஒன்றரை மணி நேரம் எங்கள் ஐந்து பேரின் கதை என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் பாண்டும் பூட்டிய அலமாரியும் எல்லா ஊரிலும் இருந்தன. 2011 அக்டோபரில் மும்பையில் தென்னாட்டிலிருந்து போன இளம் செவிலியர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து சக செவிலியர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாண்டை ஒழி, சான்றிதழைத் திருப்பிக் கொடு என்பதே கோரிக்கையின் மையம். டெல்லியிலும் கொல்கத்தாவிலும் கேரளத்திலும் போராட்டங்கள் நடந்தன. நவம்பரில் திருச்சூரில் ஐக்கிய செவிலியர் சங்கம் உருவானது. டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் தனியார் மருத்துவமனையொன்று தீப்பிடித்தபோது, இரண்டு மலையாளி நர்சுகள் எட்டு நோயாளிகளை வெளியே கொண்டுவந்துவிட்டு அடுத்தவரைக் காப்பாற்றப் போன இடத்தில் இறந்தார்கள். அவர்களைத் தேவதைகள் என்று பத்திரிகைகள் எழுதின. அதே வாரங்களில் அவர்களைப் போன்றவர்கள் கேட்டது நியாயமான சம்பளத்தைத்தான்.

1908இல் தொடங்கிய அதே சங்கம் போட்ட வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தனியார் செவிலியரின் சம்பளத்தை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. 200 கட்டிலுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசுச் சம்பளத்துக்கு நிகராகவும், 50 கட்டிலுக்குக் குறைந்த இடங்களிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் தர வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, கையில் வரும் சம்பளம் வேறு என்று எங்களுக்குத் தெரியும். 2023இல் பழைய 1947 சட்டத்தின் இடத்தில் தேசியச் செவிலியர், மகப்பேறு ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. தேசிய அளவில் ஒரு பதிவேட்டுக்கும் அது வழி செய்கிறது.

தமிழில் எங்களைச் செவிலியர் என்கிறோம். சங்கப் பாடல்களின் செவிலித்தாய் வளர்த்த பெண்ணுக்காகவே கவலைப்படுகிறவள். அவள் போனால் பாலை வழியே தேடிப் போகிறவள். செவிலிக்குச் சொந்தக் கவலை என்று ஒன்று இருந்ததாக அங்கே பேச்சில்லை. இந்தப் பெயரை நான் மறுக்கவில்லை. தில்ஷாத் கார்டன் அறையிலிருந்து என் ஃபைலைத் தேடி வந்த நால்வருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் நான் படித்த நர்சிங் பள்ளியில் படித்து முடித்த ஒரு பெண் கூப்பிட்டாள். பெங்களூருக்குப் போகிறாளாம். "அக்கா, ஒரு ஆஸ்பத்திரியில கூப்டிருக்காவ. சேரும்போ ஒரிஜினல் குடுக்கணும்னு சொல்லுகாவ. குடுக்கட்டா?"

கொடுக்காதே என்றேன். காட்டு, செராக்ஸ் கொடு, ஒரிஜினலை உன் கையிலேயே வைத்துக்கொள். மாநிலப் பதிவு மாற்ற இன்றைக்கே விண்ணப்பம் போடு, வேலை கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே. எழுதும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் உன் சொந்தப் பெயரைப் போடு. வேறு பெயர் எழுதச் சொன்னால் அன்றைக்கே என்னைக் கூப்பிடு.

"கூப்டா நீங்க என்னக்கா செய்வீய, அவ்வளவு தூரத்துல?" என்று சிரித்தாள்.

பெங்களூரில் எனக்கு ஆறு பேரைத் தெரியும் என்று சொல்லி, அவர்களின் எண்களை அனுப்பிவைத்தேன்.